பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தில் பாடினால் குற்றமா?

தாய்மொழிப் பற்றில் பிரெஞ்சு மக்களை மிஞ்சுவது கடினம். விளம்பரங்களில் பிரெஞ்சு மொழி இருந்தே தீரவேண்டும் என்று 1994-ல் சட்டமே செய்தவர்கள் அவர்கள்.

அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நான்கு பேர் ஒரு பாட்டுக்குழு அமைத்தார்கள். ஆங்கிலத்தில் பாடி உலகப் புகழ் பெற்றார்கள். குழுவின் பெயர் 'பீனிக்ஸ்'. இசை விழா மேடைகளில் அவர்கள் ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே ஏறுகிறது. சொந்த மொழி இருக்க, அயல் மொழியில் பாடுவது முறைதானா? அவர்களுடைய பாட்டைக் கேட்கப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொண்டு போவது நல்லது.

கார் கொட்டகையில் தொடங்கியது

தாமஸ் மார்ஸ் பாடகர். டெக் டார்சி பேஸ் கிடாரும் கீபோர்டும் வாசிப்பவர். லாரன் பிராங்கோவிட்ஸ், கிறிஸ்டியன் மசலாய் இருவரும் கிடார் கலைஞர்கள், உடன்பிறந்த சகோதரர்கள். பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையால் பெயர் பெற்ற வெர்சேல்ஸ் வட்டாரமே இவர்களுக்குச் சொந்த ஊர். அரண்மனை ஊர்க்காரர்கள்தான், ஆனால் பாட்டுப் பழகியது மார்ஸ் வீட்டுக் கார் கொட்டகையில்!

முதல் இசைத்தட்டு 'யுனைடெட்' 2000-ஆம் ஆண்டில் வந்தது. பெரும் புகழ் கிடைக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009-ல் 'உல்ஃப்காங் அமேடியஸ் பீனிக்ஸ்' என்று இசை மேதை மொசார்ட்டின் பெயரை வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதில் உள்ள '1901' என்ற பாட்டை, இசைத்தட்டு வருமுன்பே, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுத்தது வீண் போகவில்லை. 2010 ஜனவரியில் அந்த இசைத்தட்டுக்கு அமெரிக்காவின் கிராமி விருது கிடைத்தது. 2013-ல் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவில், சனிக்கிழமை இரவின் முதன்மைக் குழுவாக மேடை ஏறினார்கள்.

சட்டம் செய்த இடஒதுக்கீடு

இவர்கள் பயின்று வந்த அதே காலத்தில்தான் பிரெஞ்சு அரசு இன்னொரு சட்டமும் கொண்டு வந்தது. தனியார் வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாடல்களாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் சில வகை நிலையங்களுக்கு இந்த அளவு குறைக்கப்பட்டது. ஆயினும் சட்டம் நிலைத்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் பார்ப்பது பாடகரின் குடியுரிமையை அல்ல, பாட்டின் மொழியை. எனவே வெர்சேல்ஸ்காரர் பாடினாலும் ஆங்கிலப் பாட்டு அந்த 40-ல் சேராது. மிச்சமுள்ள இடத்தில் அமெரிக்க, ஆங்கிலேயப் பாடகர்களோடு போட்டியிட்டுத்தான் ஆக வேண்டும்.

இது அநியாயமா? இல்லை. ஆங்கிலப் பாட்டுக்குப் பின்னால் பெரும் பணமும் பெரிய சந்தையும் நிற்கின்றன. வேலி போடாவிட்டால் சிறிய பயிரை மாடு மேய்ந்துவிடும். அரசு வேலி போட்டது சரியே.

ஆனால் வேலிக்கு வெளியே சென்று பயிரிட்டவனைத் துரோகி என்று சொல்வது சரியல்ல.

சொல் வேறு, மண் வேறு

பீனிக்ஸ் பாட்டில் ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் லண்டன்காரரோ நியூயார்க்காரரோ அப்படி எழுதமாட்டார். சொற்கள் புதிர்போல் அடுக்கப்பட்டிருக்கும். பொருளைவிட ஓசை முந்தி நிற்கும். அயல் மொழியை ஓர் இசைக்கருவிபோல் கையாளும் முறை அது.

பாட்டின் பொருளைப் பார்த்தாலும் அப்படியே. '1901' என்ற பாட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த பாரீஸ் நகரை நினைத்துப் பாடுவது. 'லிஸ்டோமேனியா' என்று ஒரு பாட்டு. ஹங்கேரியில் பிறந்த பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் வாசிப்பைக் கேட்டு ஜனங்கள் பித்துப் பிடித்தவர்கள்போல் ஆனார்கள். அந்தப் பித்துக்கு, பாரீசில் வாழ்ந்த ஜெர்மன் கவிஞர் ஹைனே 1844-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். ஹங்கேரிக்காரரின் புகழ், ஜெர்மானியர் வைத்த பெயர், பிரெஞ்சுக்காரர் குரல், ஆங்கிலச் சொல்! கலை எந்த எல்லைச் சாவடியிலும் நிற்பதில்லை.

2022-ல் வந்த 'ஆல்ஃபா ஸூலு' இசைத்தட்டைத் தயாரித்த இடம் பாரீசின் லூவர் அரண்மனைக் கட்டடத்தில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகம். 2024 ஆகஸ்டில் பாரீஸ் ஒலிம்பிக் நிறைவு விழா நடந்தது. உலகமே பார்த்த அந்த இரவில் பாட அழைக்கப்பட்டவர்களில் இந்த நால்வரும் இருந்தார்கள். 40 விழுக்காட்டில் இடம் இல்லாதவர்களுக்கு நாட்டின் மேடையில் இடம் கிடைத்தது. சட்டமும் தோற்கவில்லை, கலைஞனும் தோற்கவில்லை.

விழாவில் கேட்க வேண்டியது

இசை விழா மேடை தனிக் கச்சேரிபோல் அல்ல. நேரம் குறைவு. கூட்டத்தில் பாதிப் பேர் வேறொருவருக்காக வந்து காத்திருப்பார்கள். அவர்களையும் சில நிமிடங்களில் கட்டிப்போட வேண்டும். இதில் பீனிக்ஸ் கைதேர்ந்த குழு. இரண்டு கிடார்களும் ஒன்றின்மேல் ஒன்று மோதாமல் பின்னிச் செல்வதைக் கவனிக்கலாம். குழுவோடு பல ஆண்டுகளாக டிரம் வாசித்துவரும் ஸ்வீடன்காரர் தாமஸ் ஹெட்லண்டின் அடி, மென்மையான பாட்டுக்கும் முதுகெலும்பு கொடுக்கும். மார்ஸ் தொண்டை கிழியக் கத்துபவர் அல்லர். கடைசியில் மேடையை விட்டு இறங்கி ரசிகர் கூட்டத்துக்குள்ளேயே போய்விடும் வழக்கம் உள்ளவர்.

பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்து, பகலெல்லாம் ஆபீசிலும் பட்டறையிலும் பிறமொழி பேசி, இரவில் பிள்ளைகளோடு தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த நால்வரின் நிலை புதிராக இருக்காது. பிறமொழியில் வேலை செய்பவன் தன் மொழியை விற்றுவிட்டவன் அல்லன். ஆனால் வீட்டில் அந்த மொழிக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறானா என்பதுதான் கேள்வி. பிரான்சு தன் வீட்டில் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டது. அதனால்தான் தன் பிள்ளைகள் வெளியே போய் எந்த மொழியில் பாடினாலும் அச்சமின்றிக் கைதட்ட அதனால் முடிகிறது.