சுருண்டால் குற்றமா?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டதுமே நம் ஆட்கள் காதல், நட்பு, அரியர் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் முடியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! முடிக்குள்ளே ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இருக்கிறது, கெமிஸ்ட்ரி இருக்கிறது, சட்டம்கூட இருக்கிறது.

ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருடைய தலைமுடியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலச் சின்னச் சின்னச் சுருள். ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் தோளுக்குக் கீழே வரும். விட்டால் 'சர்'ரென்று காதோரம் போய் நின்றுகொள்ளும். மொத்த நீளத்தில் நான்கில் மூன்று பங்குகூட இப்படிச் சுருளுக்குள் மறைந்துவிடுவது உண்டு. இதைத்தான் சுருக்கம் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களோ "ஐயோ பாவம், இவங்களுக்கு முடியே வளராது போல" என்பார்கள். வளராமல் என்ன? ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்துவிட்டு அதுதான் கம்பியின் நீளம் என்று எழுதினால் நம் லேபில் மார்க் போடுவார்களா?

தலைக்குக் குளித்தால் இந்தச் சுருக்கம் இன்னும் கூடும். காரணம் இதுதான். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதற்குள் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும். காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடியும் பிடித்துக்கொள்ளும். சும்மா காயவிட்டால் சுருண்டபடியே பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு பின்னிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பிரித்தால் நீண்டபடி நிற்கும். ஹீட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்! நைஜீரியாவின் யொருபா மக்கள் முடியை நூலால் இறுக்கிச் சுற்றி நீட்டி வைப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒஜெய்கெரே என்ற நைஜீரியப் புகைப்படக்காரர் 1968 முதல் பல வருடம் அந்த நாட்டுத் தலைப்பின்னல்களையே படமெடுத்துக் குவித்தார். பார்த்தால் நம் ஸ்ட்ரக்சர் பாடத்து மாடல்கள் மாதிரி இருக்கும்.

இப்படி நீட்டி வைப்பதில் அழகு மட்டும் இல்லை, வேலையும் இருக்கிறது. சுருள் தன்மேலேயே சுற்றிக்கொண்டால் ஒற்றை முடியிலேயே முடிச்சு விழும். முடிச்சு விழுந்த இடத்தில்தான் அறுகும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போகும், சுருளில் வளைவு வளைவாக ஏறி இறங்க அதனால் முடியாது. அதனால் முடி வறண்டுபோகும். எனவே ஈரமாக, வழுவழுப்பாக இருக்கும்போதே நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போய்ச் சிக்கெடுக்க வேண்டும். அம்மாக்கள் உச்சியிலிருந்து 'வறக்'கென்று இழுப்பார்களே, அது கூடாது. (எங்கள் வீட்டில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை.)

சூடான இரும்பு வைத்துத் தேய்ப்பதும் உண்டு. மிதமாக, எப்போதாவது என்றால் அடுத்த குளியலில் பழைய சுருள் திரும்பிவிடும். சூடு மீறினாலோ புரதமே கெட்டுவிடும். எலாஸ்டிக் லிமிட்டைத் தாண்டி இழுத்த ஸ்பிரிங் மாதிரி, பெர்மனென்ட் செட்! அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது.

அதற்கும் அடுத்த படி 'ரிலாக்ஸர்'. பெயர் என்னவோ ரிலாக்ஸ்... அதில் ஒரு வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் லேபில் கையில் படாமல் எடுங்கள் என்று சொல்வார்களே, அதே காஸ்டிக் சோடா. தண்ணீருக்கு அசையாத டைசல்பைடு பிணைப்பை இது உடைத்துவிடும். தலைத்தோல் வெந்து புண்ணாவதும் உண்டு. 2022-ல் அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களையே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்துபவர்களில் 4.05 சதவீதம் என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். ரசாயனம்தான் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிற எண்!

இத்தனை ஆபத்து தெரிந்தும் ஏன் செய்துகொள்கிறார்கள்? ஆசைப்பட்டுச் செய்துகொள்பவர்களை நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது அவரவர் தலை. என் சண்டை வேறு இடத்தில். "நேராக்கிக்கொண்டு வா, அப்போதுதான் வேலை, அப்போதுதான் வகுப்பு" என்று சொல்கிறவர்களோடுதான்.

2016-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளியில், இயற்கையான முடியோடு வந்த கறுப்பின மாணவிகளைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்கிறார்கள் என்று மாணவிகளே திரண்டு போராடினார்கள். நம்மைவிடச் சின்னப் பிள்ளைகள்! அந்த முடி விதி நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்காவில் முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் முதலில் கலிபோர்னியா சட்டம் போட்டது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் போட்டுவிட்டன. நாடு முழுவதற்குமான மசோதா 2022-ல் கீழ்சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. தலையில் தானாக முளைப்பதற்கு ஒரு சட்டம் தேவைப்படுகிறது பாருங்கள்!

உனக்கேன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். என் முடி அந்த அளவுக்குச் சுருள் இல்லை. ஆனால் சுருட்டைதான், நல்ல கெட்டிச் சுருட்டை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். இண்டர்வியூ பயிற்சி என்று ஒருநாள் நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் என் டிராயிங்கைப் பார்க்கவில்லை, மார்க்கைக் கேட்கவில்லை. "முடியை ஸ்ட்ரெயிட் பண்ணிட்டு வாம்மா, நீட்டா இருக்கும்" என்றார். எண்ணெய் வைத்து, இறுக்கப் பின்னி, ரிப்பன் கட்டித்தான் போயிருந்தேன். அதற்குமேல் என்ன நீட்? பார்லரில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகை அம்மாவின் ஒரு வாரக் கூலி. போடவில்லை. போடப்போவதும் இல்லை.

விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. லேத் ஓடும்போது முடியைக் கட்டித் தொப்பிக்குள் வைக்கச் சொன்னால் அது நியாயமான விதி. சுற்றுகிற சக்குக்கு சுருட்டை, கோரை என்று பேதம் கிடையாது, சிக்கினால் எந்தத் தலையையும் இழுத்துவிடும். அந்த விதி எல்லாருக்கும் ஒன்று, காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. முடி நேராக இருந்தால்தான் நீட் என்பதற்கு என்ன காரணம்? கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

சுருள் முடிக்கு ஒரு பயனும் இருக்கிறது. 2023-ல் வந்த ஓர் ஆய்வில், மனிதத் தலை வடிவில் சூடு அளக்கும் பொம்மை செய்து, அதற்கு நேர்முடி, அலைமுடி, கெட்டிச் சுருள்முடி விக்குகளை மாற்றி மாற்றி மாட்டி, சூரியன் மாதிரி விளக்கைக் காட்டிப் பார்த்தார்கள். எந்த முடியும் வெயிலைக் கொஞ்சம் தடுத்தது. அதிகமாகத் தடுத்தது கெட்டிச் சுருள்! மூளைக்கு மேலே கூரை போட்ட மாதிரி. இதையா வெட்டு, இழு, வேகவை என்கிறோம்?

மெக்கானிக்கல்காரி என்பதால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. பொருள் செய்பவன் யார் தலையை நினைத்துக்கொண்டு செய்கிறான்? சோல் கேப் என்ற பெரிய நீச்சல் தொப்பியை அடர்ந்த சுருள் முடிக்காகவே செய்தார்கள். தலையின் இயல்பான வடிவத்தோடு அது ஒத்துவரவில்லை என்று சொல்லி 2021-ல் உலக நீச்சல் சம்மேளனம் மறுத்துவிட்டது. யாருடைய தலை ஐயா, இயல்பான தலை? கூச்சல் எழுந்த பிறகு 2022 செப்டம்பரில் அதே தொப்பிக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்துபோயிருந்தது. மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. கருவியிலும் இதே கதைதான். அடர்ந்த சுருள் முடியில் அதன் எலெக்ட்ரோடு தோலைத் தொடாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எத்தியென் என்ற கறுப்பின மாணவி, முடியை வரிசை வரிசையாகத் தலையோடு ஒட்டிப் பின்னி, அந்த இடைவெளியில் பின்னல்களே பிடித்துக்கொள்ளும்படி ஒரு எலெக்ட்ரோடை உருவாக்க வழி காட்டினார். மாணவி! நம்மைப் போல லேப் ரெக்கார்டு எழுதியவர்தான்.

நாளைக்கு ஹெல்மெட் கம்பெனியிலோ தொப்பி கம்பெனியிலோ டை டிசைன் செய்யப் போகிறவர்கள் நம்மில் இருப்பார்கள். டிராயிங் போர்டு முன்னால் நிற்கும்போது எந்தத் தலை ஞாபகம் வரும்?

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஒர்க்‌ஷாப் தொப்பி ஒரே சைஸ். என் கொண்டை அதற்குள் நிற்பதில்லை. பாதி வெளியே வருகிறது, நான் இரண்டு கிளிப் போட்டு அழுத்தி வைக்கிறேன், கிளிப் கழன்று விழுகிறது. லேத் பக்கத்தில் இது விளையாட்டு இல்லை. மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன்: அடுத்த வருட இண்டென்டில் பெரிய சைஸ் தொப்பி பத்து சேர்க்கச் சொல்லுங்கள். கயிறு வைத்து இறுக்குகிற மாதிரி இருந்தால் கோரை முடிக்காரிகளும் போட்டுக்கொள்ளலாம். அளவு எடுத்து டிராயிங்கும் போட்டு வைத்திருக்கிறேன், ஏ-4 தாளில், டைமென்ஷனோடு. கேட்டால் தருகிறேன்.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை மாணவி