மேக்ரோ மேல் ஏன் இந்தக் காய்ச்சல்?

சி மொழியில் ஸ்ட்ரிங்குகளை வடிவமைக்கப் பாதுகாப்பான மேக்ரோக்கள் எழுதுவது வெட்டிவேலை என்று ஒரு கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். கைதேர்ந்தவனுக்கு எஸ்என்பிரிண்ட்எஃப் ஃபங்ஷனே போதுமாம், தவறுகிறவன் வேறு மொழிக்குப் போகவேண்டுமாம். கைதேர்ந்தவன் தவறமாட்டான் என்பதற்கு என்ன ஆதாரம்? யூனிக்ஸில் ரூட் அதிகாரத்துக்கு வாசல் காக்கும் சூடோவிலேயே 2012இல் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதன் டீபக் ஃபங்ஷன் ஒன்று நிரலின் பெயரை ஃபார்மட் ஸ்ட்ரிங்குக்குள்ளேயே சேர்த்துவிட்டது. அந்தப் பெயரைச் சாதாரணப் பயனரே மாற்றலாம்; அதில் "%என்" இருந்தால் அது நினைவகத்தில் எழுதும். சூடோவை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகளா?

எஸ்என்பிரிண்ட்எஃப் மேல் அவர் வைத்திருக்கும் பக்தி இதைவிடப் பலவீனமானது. அது திருப்பித் தருவது எழுதிய அளவை அல்ல, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய அளவை. 100 பைட் பஃபரில் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டு போகிறவர் அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே வருகிறார். ஒரு துண்டு நீண்டுபோய்க் கூட்டுத்தொகை 130 ஆகிறது. அடுத்த சுற்றில் மீதி இடம் 100 கழித்தல் 130. சைஸ்-டி வகையில் எதிர்ம எண்ணே கிடையாது என்பதால், 64 பிட் கணினியில் அது இருபது இலக்கப் பேரெண்ணாகிவிடும். எல்லை பெயருக்குத்தான் மிஞ்சும். உண்மையில் எழுதிய அளவை மட்டும் சொல்லும் எஸ்சிஎன்பிரிண்ட்எஃப் என்ற ஒன்றை லினக்ஸ் கெர்னல்காரர்கள் தனியாக வைத்திருப்பது பொழுது போகாமலா?

மேக்ரோ வெறும் உரைமாற்று, அதற்கு வகை தெரியாது, ஆகவே ஆபத்து: இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். மேக்ரோவுக்குள், ஃபார்மட் ஸ்ட்ரிங் வந்து விழும் இடத்துக்கு முன்னால், ஒரு ஜோடி வெற்று இரட்டை மேற்கோளை வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்து நிற்கும் நேரடி ஸ்ட்ரிங்குகளைக் கம்பைலர் ஒட்டிவிடும். ஆனால் அங்கே ஒரு மாறி வந்து நின்றால் ஒட்டாது, தொடரியல் பிழை என்று அங்கேயே மறித்துவிடும். வெளியாள் கொடுத்த உள்ளீடு ஃபார்மட் ஸ்ட்ரிங்காக நுழையும் வழி, நிரல் ஓடுவதற்கு முன்பே அடைபட்டுவிடுகிறது. சாதாரண ஃபங்ஷன் ஒன்று இப்படி மறிக்குமா? குறை என்று அவர் எள்ளிநகையாடிய அதே உரைமாற்றுக் குணம்தான் இங்கே காவல் நிற்கிறது.

ஓரிடத்தில் அவர் சொல்வது சரி. பஃபரின் அளவைச் சைஸ்ஆஃப் கொண்டு தானே எடுக்கும் மேக்ரோவுக்குப் பஃபருக்குப் பதில் பாயிண்டரைக் கொடுத்தால், 64 பிட் கணினியில் சைஸ்ஆஃப் 8 என்று சொல்லும். அதில் எழுதப்போன கோப்பின் பெயர் ஏழாவது எழுத்தோடு அறுந்துவிடும். இதில் ஒரு முழு இரவைத் தொலைத்தவன் நான். ஆனால் பாயிண்டர் வந்தால் கம்பைல் ஆகவே விடாத சோதனை லினக்ஸ் கெர்னலின் அரே-சைஸ் மேக்ரோவிலேயே இருக்கிறதே, அதை அவர் எடுத்துப் பார்த்தாரா? வேகம் குறையும் என்ற புலம்பலுக்கும் இடமில்லை; இந்தச் சோதனைகள் கம்பைலரோடு முடிந்துவிடுகின்றன.

பிறகு எதற்கு இத்தனை காய்ச்சல்? தான் விழுந்த குழியில் அடுத்தவனும் விழுந்து எழுந்தால்தான் அவனுக்குச் சி தெரியும் என்று ஒப்புக்கொள்ளும் மனம்தான் இங்கே பேசுகிறது. நிரலை நம்பி இயங்குகிறவர்களின் தலையில் அல்லவா அந்தக் குழியின் விலை விழுகிறது? அவர் கொண்டாடும் எஸ்என்பிரிண்ட்எஃப்கூட, தனக்கு வரும் மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க விஏ-ஸ்டார்ட், விஏ-ஆர்க் இரண்டையும்தான் நம்பியிருக்கிறது. சி மொழியின் தர வரையறையைத் திறந்து, அவை இரண்டும் என்ன என்று அவரே படித்துக்கொள்ளட்டும்: மேக்ரோக்கள்.