கடனாளியிடம் குறைவது ஊக்கம் அன்று

கடனில் உழல்பவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் இக்காலத்தில் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகின்றன. காலைத் தேநீரை நிறுத்து. இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு. நாள்தோறும் அதைப் பார்த்து உறுதி கொள். சோர்வு வந்தால் வென்றவர்களின் கதைகளைக் கேள். இறுதியில், எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழி. இந்த உபதேசம் தவறானது மட்டுமன்று, தீங்கானதும் கூட என்பதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் வாழ்க்கையை முன்வைத்து நிறுவ விரும்புகிறேன். பதிவு நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கடனை அடைக்க ஊக்கம் வேண்டாம் என்பது என் வாதம் அன்று. ஊக்கம் என்பது கடனாளியின் நெஞ்சில் தானே ஊறவேண்டிய ஒழுக்கம் என்றும், அது வற்றினால் குற்றம் அவருடையதே என்றும் சொல்வதைத்தான் மறுக்கிறேன். கடனின் அமைப்பே ஊக்கத்தைத் தின்கிறது. அமைப்பை மாற்றாமல் ஊக்கத்தை மட்டும் ஊட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். எறும்பு ஊரக் கல் தேயும், உண்மை. ஆனால் அந்தக் கல் மாதந்தோறும் வளராத கல்லாக இருக்கவேண்டும்.

கல் எவ்வளவு வளர்கிறது என்பதை முதலில் கணக்கிடுவோம். நம் ஊர்களில் தண்டல் என்ற நாள்வசூல் கடன் யாவரும் அறிந்தது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பார்கள். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். வாங்குபவர் இதைப் பத்து சதவீத வட்டி என்று எண்ணுகிறார். ஆனால் முதலும் நாள்தோறும் திரும்பிக்கொண்டே இருப்பதால், அவர் கையில் சராசரியாக இருக்கும் தொகை கடனில் ஏறத்தாழப் பாதிதான். அதையும், கடனின் ஆயுள் 100 நாளே என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. 'மூன்று வட்டி' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஆண்டுக்கு 36 சதவீதம். மாதம் 3.5 சதவீதம் வட்டி விதிக்கும் கடனட்டையில் 40,000 ரூபாய் நிலுவை இருந்து, குறைந்தபட்சத் தொகை என்று 2,000 ரூபாய் கட்டினால், 1,400 ரூபாய் வட்டிக்கே போய்விடும். நகையைப் பணயம் வைத்து 12 சதவீதத்துக்கு ஒரு லட்சம் வாங்கி, ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே வந்தால், ஐந்தாண்டில் 60,000 ரூபாய் கட்டிய பின்னும் முதல் ஒரு ரூபாயும் குறையாது. இந்த மனிதரிடம் போய், "மனம் தளராதே" என்கிறோம். அவர் மனம் தளர்வது கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டதன் அடையாளம்.

இரண்டாவது, தேதி. ரப்பர் பால் வெட்டுபவரின் வருமானம் பருவத்தைச் சார்ந்தது. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிரும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். இடவப்பாதி மழை இறங்கினால் வெட்டு நாள்கள் குறையும். கொத்தனார், சித்தாள், கைத்தறி நெய்பவர் ஆகியோருக்கும் வேலை ஒரே சீராக வருவதில்லை. ஆனால் தவணை மட்டும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதி. வருவாய் அலைபோல் ஏறி இறங்க, தவணை கோடுபோல் நேராக நிற்கிறது. இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப இன்னொரு கடன் வாங்க நேர்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கட்டுப்பாடின்மையாகத் தெரியும். அதை உண்டாக்கியதோ இரண்டு நாட்காட்டிகளின் பொருந்தாமை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்றில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். ஆள் அவரேதான், அறிவும் அவருடையதேதான். ஆனால் கையில் பணமின்றிக் கடனும் அடகுமாக இருந்த அறுவடைக்கு முந்தைய நாள்களில், அறிவுத்திறன் சோதனைகளில் அவரது மதிப்பெண் குறைந்தது. அறுவடைக்குப் பின் உயர்ந்தது. அவ்வாய்வின் புள்ளியியல் முறை குறித்துப் பிற ஆய்வாளர்கள் வினா எழுப்பியதும் உண்டு. ஆயினும் அதன் மையக் கருத்து நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: பற்றாக்குறை மனத்தின் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது.

2019இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு இன்னும் நுட்பமானது. ஓங், தெசெய்ரா, இங் ஆகிய மூவர், ஒரு தொண்டு அமைப்பு கடன் தீர்த்துவைத்த 196 ஏழைக் கடனாளிகளைத் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். கடன் குறைந்தபின் பதற்றம் குறைந்தது, சோதனைகளில் பிழைகள் குறைந்தன. கவனிக்க வேண்டியது அடுத்த செய்தி. ஒரே அளவு தொகை தீர்க்கப்பட்டவர்களுள், எத்தனை கடன் கணக்குகள் முற்றிலும் மூடப்பட்டன என்பதைப் பொறுத்தே முன்னேற்றம் அமைந்தது. அதாவது, மனத்தை அழுத்துவது தொகை மட்டுமன்று. எத்தனை பேருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதும் அழுத்துகிறது. ஒவ்வொரு கடனும் தனித் தேதி, தனி முகம், தனிப் பயம்.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பணய நகைக்கு 80,000, அம்மை உறுப்பினராக உள்ள மகளிர் குழுவின் வழி வாங்கிய நுண்கடன் 40,000, தண்டல் 9,000, பக்கத்து வீட்டு அக்காவிடம் வட்டியில்லாக் கைமாற்று 6,000, பலசரக்குக் கடைப் பற்று 4,500. மொத்தம் 1,39,500 ரூபாய், ஐந்து கணக்குகள். நுண்கடனுக்கு 24 சதவீத வட்டியில் இரண்டாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 2,115, நகைக்கு வட்டி 800, தண்டலுக்கு 3,000. அப்பாவின் வெட்டுக்கூலி இலையுதிர் காலத்தில் நின்றுபோகும். என் ஆய்வு உதவித்தொகை மாதந்தோறும் வருவதில்லை. பல மாதத்துக்கானது சேர்ந்து ஒருநாள் வரும். இதற்கிடையில் என்னிடம் ஒருவர் தேநீரைக் குறைக்கச் சொன்னார். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்த் தேநீரை முற்றிலும் விட்டால் மாதம் 360 ரூபாய் மிஞ்சும். தண்டலை ஒருமுறை ஒழித்தால் மாதம் 3,000 மிஞ்சும். உபதேசிகள் ஏன் முதலாவதையே பேசுகிறார்கள்? தேநீரைக் குறை என்று சொன்னால் எந்த வட்டிக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதால்.

"அப்படியானால் தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்றுமே இல்லையா?" என்ற கேள்வி எழும், நியாயமான கேள்விதான். திருமணங்களில் வைக்கும் சுருள், புதுமனை புகுவிழாச் சிறப்பு, கடனில் வாங்கும் கைப்பேசி ஆகியவற்றில் குறைக்க இடமுள்ளவர்கள் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இறுக்கமான வரவுசெலவில் அந்த இடம் மிகக் குறுகியது. 2019ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, கேரளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரிக் கடன் 2,42,482 ரூபாய். இந்திய சராசரி 74,121. கல்வியறிவில் முன்நிற்கும் மாநிலத்தின் விவசாயி, மற்றவர்களைவிட மூன்று மடங்கு ஒழுக்கம் குறைந்தவர் என்று எவரேனும் துணிந்து சொல்வாரா? வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, கடன் எளிதாகக் கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பேசாமல் குணத்தைப் பற்றிப் பேசுவது ஆய்வும் ஆகாது, அறமும் ஆகாது.

பொறுப்பு என்பதற்கு நான் வேறு பொருள் கொள்கிறேன். எல்லாக் கடன்களையும் ஒரே தாளில், ஆண்டு வட்டி என்ற ஒரே அளவுகோலில் எழுதவேண்டும். வட்டி விகிதங்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருந்தால், விலையுயர்ந்த கடனை முதலில் ஒழிக்கவேண்டும். அங்கே மன ஆறுதலுக்கு இடமில்லை. இடைவெளி சிறிதானால், சிறிய கடனை முதலில் மூடவேண்டும். ஒரு கணக்கு மூடினால் ஒரு பயம் ஒழியும். எங்கள் வீட்டில் தண்டல் சிறியதும் விலையுயர்ந்ததுமாக இருப்பதால் அதுவே முதலில் போகவேண்டும். பின் விடுபடும் 3,000 ரூபாயில் கடைப் பற்றையும் கைமாற்றையும் நான்கு மாதத்துக்குள் தீர்க்கலாம். வட்டியில்லாத கடனை ஏன் இவ்வளவு முன்னால் தீர்க்கவேண்டும் என்று கணக்கர் கேட்பார். அடுத்த இடர் வரும்போது தண்டல்காரரிடம் போகாமல் நாம் கைநீட்டக்கூடிய இடங்கள் அந்த இரண்டுமே. அவற்றின் நம்பிக்கையைக் காப்பதே நம் காப்பீடு. அதே காரணத்தால், கடன் இருக்கும்போதே நல்ல மாதங்களில் ஐந்நூறு ஆயிரமாவது ஒதுக்கி வைக்கவேண்டும். இலையுதிர் காலத் தவணைக்கு அது உதவும். இதில் எங்கும் வீரம் இல்லை. ஊக்கம் குறைந்த நாளிலும் தானே நடக்கும்படி ஓர் ஏற்பாடு மட்டுமே உள்ளது.

இனி நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்று. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அன்றுமுதல் இங்குள்ள தமிழர் வீட்டில் ஒரு மொழியிலும் வங்கியில் வேறு மொழியிலும் வாழ்கிறோம். மலையாளம் நமக்குப் பேச வரும். ஆனால் சட்ட மலையாளமும் ஆங்கிலமும் நிரம்பிய கடன் பத்திரத்தை நம் தாய்மார்களில் எத்தனை பேர் படித்துக் கையெழுத்திட்டார்கள்? ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் அறிவிப்பின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய தனிநபர்த் தவணைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தரவேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கவேண்டும். அது கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். பாறசாலையில் அந்த மொழி தமிழ் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. எத்தனை பேர் கேட்டோம்?

அதுபோலவே, 2022இல் வந்த நுண்கடன் விதிகள், ஒரு குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கின்றன; நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது என்கின்றன; காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்கின்றன. இரவு ஏழு மணிக்குப் பத்துப் பெண்கள் முன்னிலையில் ஒருத்தியை நிறுத்தி வைத்து வசூலிக்கும் முகவர், அவளது ஊக்கத்தை வளர்க்கவில்லை, விதியை மீறுகிறார். அவளுக்குத் தேவைப்படுவது தன்னம்பிக்கைச் சொற்பொழிவு அன்று, இந்த விதியின் ஒரு தமிழ்ப் படி.

வெட்கம் என்பது வசூலின் கருவி. கடனாளி வாய் திறக்காதவரை வட்டிக்காரருக்குக் கவலையில்லை. 2014 மே மாதம், திருவனந்தபுரத்தில் கடன் நெருக்கடியால் ஒரு குடும்பமே மாண்ட பின்னர்தான் கேரள அரசு 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் கந்துவட்டிக்காரர்கள்மீது நடவடிக்கையைத் தொடங்கியது. மிகை வட்டியைத் தடுக்கும் சட்டம் 2012 முதலே இங்கு இருந்தது. களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும், கட்டாய வசூலைத் தடுக்கும் 2025ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. எல்லையின் இரு புறமும் சட்டம் இருக்கிறது. புகார் சொல்லும் துணிவைத்தான், "உன் கடன், உன் குற்றம்" என்ற உபதேசம் பறித்துவிடுகிறது. தீங்கானது என்று முதலில் சொன்னேனே, அதன் பொருள் இதுதான்.

மாற்று வழியும் கற்பனை அன்று. 2018இல் பாலக்காட்டில் தொடங்கிய 'முற்றத்தெ முல்ல' திட்டம், கூட்டுறவுச் சங்கத்தின் பணத்தைக் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வழியாக ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வீட்டு வாசலிலேயே கொண்டுசேர்க்க வகை செய்தது. கந்துவட்டிக் கடனிலிருந்து மீட்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். 75 சதவீதத்துக்கும் 12 சதவீதத்துக்கும் உள்ள தொலைவை எந்த மனவுறுதியாலும் கடக்க முடியாது. ஒரு கூட்டுறவுக் கடனால் ஒரே நாளில் கடக்கலாம்.

ஆகவே நண்பர்களே, இம்மாதம் கடனாளி ஒருவரைச் சந்தித்தால் அவருக்கு ஊக்கமூட்டாதீர்கள். அவரோடு உட்கார்ந்து அவர் கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் ஆண்டு வட்டியையும் கணக்கிட்டுத் தாருங்கள். முக்கிய விவர அறிக்கையைத் தமிழில் கேட்க அவருடன் வங்கிக்குச் செல்லுங்கள். நம் ஊராட்சிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், ஒரு கேள்விக்கு மட்டும் விடை தரவேண்டும்: பால்வெட்டு நிற்கும் இரண்டு மாதங்களுக்குத் தவணை கேட்காத கடன் ஒன்றை உங்களால் ஏன் வகுக்க முடியவில்லை?