கிளிமஞ்சாரோவில் யாருக்கு, எவ்வளவு?



கிளிமஞ்சாரோ ஏறப் போகிறவர்கள் எழுதும் கடிதங்களில் காலணி, மாத்திரை, குளிர்ச்சட்டை எல்லாம் முடிந்தபிறகு, கடைசி வரியில் ஒரு கேள்வி தயங்கித் தயங்கி வந்து நிற்கும். “டிப்ஸ் எவ்வளவு கொடுக்கணும்?” சிலர் மனத்தில் இருப்பதை அப்படியே எழுதிவிடுகிறார்கள்: “கம்பெனிக்கே லட்சக்கணக்கில் கட்டியாச்சு. அதுக்கு மேல எதுக்குக் கொடுக்கணும்?” சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் ஒரு கனவுப் பயணம் போகிறவர் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. பதில் ஒரு வரியில் அடங்காது. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், உங்களோடு யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 5,895 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், பதிவுபெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. தான்சானியப் பூங்கா நிர்வாகத்தின் விதி அது. நண்பர்கள் இருவர் மட்டும் மச்சாமே பாதையில் போவதாக வைத்துக்கொள்வோம். தலைமை வழிகாட்டி ஒருவர், துணை வழிகாட்டி ஒருவர், சமையல்காரர் ஒருவர், ஆறேழு போர்ட்டர்கள். இரண்டு பேருக்குப் பத்துப் பேர்! பட்டியலைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வரும், தலைகளைக் கூட்டிக் காட்டுகிறார்களோ என்று. பொறுமையாக நின்று பாருங்கள். கூடாரங்கள், எரிவாயு உருளை, ஒரு வாரத்துக்கான அரிசியும் காய்கறியும் முட்டையும், நாற்காலி, மேசை, கழிப்பறைக் கூடாரம், உங்கள் பை, இது போதாதென்று அவர்களுடைய சொந்தத் துணிமணி. எல்லாம் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான் மேலே போகிறது. சக்கரமோ கழுதையோ அந்தப் பாதையில் இல்லை.

காலையில் நீங்கள் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அவர்கள் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். பிரித்து, மடித்து, சுமந்து, வழியில் உங்களைத் தாண்டிப் போய், நீங்கள் மூச்சிரைக்க அடுத்த முகாமை எட்டும்போது மறுபடி கூடாரம் போட்டு வெந்நீரும் வைத்திருப்பார்கள். “போலே போலே” என்று உங்களை மெதுவாக நடக்கச் சொல்கிறவர்கள் தாங்கள் மட்டும் ஏறக்குறைய ஓடுகிறார்கள். குடிதண்ணீர் ஊற்றிலிருந்து மேலே வருவதும் அவர்கள் தோளில்தான். கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவரும் அவர்களில் ஒருவர். பயணம் முடியும்வரை அவர் பெயரைக் கேட்காதவர்கள் பலர்.

பூங்கா வாசலில் தராசு உண்டு. ஒரு போர்ட்டரின் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. தொங்கவிட்டு எடை பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். இந்தத் தராசுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வணிகக் கூட்டங்களும் பின்னாளில் ஐரோப்பிய, அமெரிக்க வேட்டைக்காரர்களும் போன காலத்தில் ஓர் ஆளுக்கு 60 ராத்தல் சுமை என்பதுதான் வழக்கம். கிட்டத்தட்ட 27 கிலோ. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் அங்கே வேட்டைக்குப் போனபோது அவரோடு 200-க்கும் மேற்பட்ட போர்ட்டர்கள் நடந்தார்கள். சுட்டவர் பெயர் புத்தகத்தில் ஏறியது. சுமந்தவர்கள் பெயர் ஏறவில்லை. கிளிமஞ்சாரோவிலும் அதே கதைதான். 1889 அக்டோபர் 6-ஆம் தேதி உச்சியைத் தொட்டதாக ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற இருவரைப் பாடநூல்கள் சொல்கின்றன. அவர்களுக்கு வழிகாட்டியாகப் போனதாகச் சொல்லப்படும் சாகா இன இளைஞர் யோஹானி கின்யாலா லாவோவை மராங்கு ஊர்க்காரர்கள்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ஏழு நாள் பயணத்துக்கு வெளிநாட்டவர் ஒருவர் கட்டும் பூங்காக் கட்டணம், முகாம் கட்டணம், மீட்புக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்தால் 900 டாலரைத் தாண்டிவிடும். இது அரசுக்குப் போகிற பணம். எந்தக் கம்பெனியாலும் இதில் ஒரு காசு குறைக்க முடியாது. அதற்குமேல் உணவு, கூடாரம், மோஷி நகரிலிருந்து பூங்கா வாசல்வரை வண்டி. இத்தனைக்கும் பிறகு ஒருவர் “1,200 டாலருக்கே கூட்டிப் போகிறோம்” என்றால், எங்கிருந்து குறைத்தார்? குறைக்க முடிகிற இடம் கூலியும் போர்ட்டர்களின் சாப்பாடும்தான். போர்ட்டருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரையறை இருந்தும், அதைக் கொடுக்காத கம்பெனிகள் உண்டு. சாப்பாட்டை ஒரு வேளைக்குச் சுருக்குகிறவர்களும் உண்டு. பேரம் பேசி வென்றோம் என்று நாம் மகிழ்கிறோமே, அந்த வெற்றிக்கான பணம் மலைமேல் ஒருவருடைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே கிளிமஞ்சாரோவில் டிப்ஸ் என்பது, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் தட்டில் சில்லறை வைக்கிற காரியம் அல்ல. அந்தக் குடும்பங்களின் வருமானத்தில் அது பெரும்பங்கு. ஏப்ரல், மே மாதப் பெருமழையில் மலைக்கு ஆள் வரத்து வற்றிவிடும். பயணக் காலத்தில் கிடைத்ததை வைத்துத்தான் அந்த மாதங்களையும் ஓட்ட வேண்டும். விமான டிக்கெட் எடுக்கும் அன்றே டிப்ஸுக்கான தொகையையும் பயணச் செலவில் சேர்த்து எழுதிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எவ்வளவு? அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: தலைமை வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் முதல் 25 வரை, துணை வழிகாட்டிக்கு 15 முதல் 20, சமையல்காரருக்கு 12 முதல் 15, ஒவ்வொரு போர்ட்டருக்கும் 8 முதல் 10. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. இந்தத் தொகை மலையேறுகிற ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுப்பதல்ல, குழு முழுவதும் சேர்ந்து கொடுப்பது. மேலே சொன்ன நண்பர்கள் இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 20, 15, 12, ஏழு போர்ட்டர்களுக்கு எட்டெட்டாக 56. ஆக நாளுக்கு 103 டாலர். ஏழு நாளுக்கு 721. ஆளுக்கு 360 டாலர். நான்கு பேராகப் போனால் துணை வழிகாட்டிகள் இரண்டு பேராவார்கள், போர்ட்டர்கள் 13 பேர்வரை வரலாம். இருந்தும் தலைக்கு 290 டாலர் அளவில் நின்றுவிடும். தனியாகப் போகிறவருக்கு 500 டாலரைத் தாண்டிவிடும். கையைக் கடிக்கிறது என்றால் கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். போர்ட்டரின் எட்டு டாலரை ஐந்தாக்காதீர்கள்.

கொடுக்கிற முறையும் முக்கியம், தொகையைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். கடைசி முகாமிலோ இறங்கும் நாள் காலையிலோ குழு முழுவதும் கூடி நிற்கும். “ஜாம்போ ப்வானா” பாடுவார்கள், ஆடுவார்கள், உங்களையும் இழுத்து ஆடவைப்பார்கள். அந்தக் குதூகலத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே உறையில் போட்டு, தலைமை வழிகாட்டியிடம் கொடுத்துப் “பிரித்துக்கொள்ளுங்கள்” என்று கைகூப்பிவிட்டு வந்துவிடுகிறோம். பெரும்பாலான வழிகாட்டிகள் நேர்மையானவர்கள். ஆனால் எல்லாருக்கும் முன்னால் சொல்லப்படாத தொகை வழியில் கரைந்துபோவதும் நடக்கிறது. குழுவில் இல்லாத ஆட்களின் பெயர்கள் பட்டியலில் ஏறுவதும் உண்டு. இதைத் தடுக்க நாம் யாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. முதல் நாளே வாசலில் குழுவினர் எல்லாரையும் அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். பெயரும் வேலையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அதே பட்டியலில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, எல்லாரும் கேட்க உரக்கப் படியுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒரு போர்ட்டரை சுவாஹிலியில் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் ஒவ்வொருவர் பெயரிலும் தனி உறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுத்து, “அசந்தே சானா” (மிக்க நன்றி) சொன்னால் போதும். தொகை பத்துப் பேர் காதில் விழுந்துவிட்டால் அதற்குமேல் கணக்கு கேட்க வேண்டிய தேவையே வராது.

உச்சியைத் தொடவில்லை, அப்போதும் முழு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மலைகளுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடமும் இதே கேள்வி உண்டு. அங்கே பயண விலையில் பத்து முதல் இருபது சதவீதம்வரை வழிகாட்டிக்குக் கொடுப்பது வழக்கம். மான் அகப்படாமல் வெறுங்கையோடு திரும்பினால் குறைக்கலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். விடியுமுன் எழுந்து குதிரைக்குச் சேணம் போட்டு, நாள் முழுக்க உங்களுக்காகத் தடம் பார்த்தவரின் உழைப்புக்கு விலங்கு வந்ததும் வராததும் அளவுகோல் அல்ல என்று பழகியவர்கள் சொல்வார்கள். கிளிமஞ்சாரோவில் இது அதைவிடவும் கூர்மையான விஷயம். அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

பராஃபு முகாம் 4,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்புவார்கள். அந்த உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். நடப்பவருக்குத் தன் நிலைமை தெரியாது. தலைவலிதான், சமாளித்துவிடுவேன் என்பார். கூட நடக்கும் வழிகாட்டி அவர் பேச்சு குழறுவதையும் கால் தடுமாறுவதையும் பார்த்து, “போதும், இறங்குவோம்” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை நாம் கூட்டிப் போகிறோம். உச்சியைத் தொட்டால்தான் டிப்ஸ் என்று நாம் பழக்கிவிட்டால், மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு மனிதரின் வாயில் அந்தச் சொல் ஒரு கணம் தாமதமாக வரும். அந்த ஒரு கணத்துக்கு விலை கொடுக்கப் போவது நாம்தான். ஆகவே நண்பர்களே, பாதியில் இறங்கியவர்கள் ஒரு டாலரும் குறைக்காதீர்கள். உங்களை இறக்கிக் கூட்டிவந்த துணை வழிகாட்டிக்குக் கூடுதலாகவே கொடுங்கள்.

பழைய உடைகளைக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். நல்ல நிலையிலுள்ள காலணி, மழைச்சட்டை, கையுறை, தலைவிளக்கு எல்லாம் அங்கே உதவும். ஆனால் பணத்துக்குப் பதிலாக அல்ல, பணத்தோடு. அடி தேய்ந்துபோன காலணியை நம் பை கனக்கிறதே என்று அங்கே இறக்கிவிட்டு வருவது கொடை ஆகாது.

மோஷி நகரில் 2003 முதல் இயங்குகிற கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குளிருக்கு உடையில்லாத போர்ட்டர்களுக்கு அது உடைகளை இலவசமாக இரவல் கொடுக்கிறது. எந்தெந்தக் கம்பெனி கூலி, சாப்பாடு, கூடாரம், சுமை எல்லாவற்றிலும் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று மலையேற்றங்களைத் தொடர்ந்து கண்காணித்துப் பட்டியலும் வைத்திருக்கிறது. முன்பணம் கட்டுமுன் உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நேரடியாகக் கேளுங்கள்: போர்ட்டருக்கு நாளுக்கு என்ன கூலி, எத்தனை வேளைச் சாப்பாடு, இரவில் எங்கே படுக்கிறார்கள்? தெளிவாகப் பதில் சொல்கிற கம்பெனிக்கு நூறு டாலர் கூடப் போனாலும் அது நல்ல செலவு. நீங்கள் கடைசி நாளில் எத்தனை தாராளமாகக் கொடுத்தாலும், கூலியே கொடுக்காத முதலாளியின் கணக்கை அது நேராக்காது.

நோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. டாலராகக் கொண்டுபோனால் புதிய, கிழியாத, கிறுக்கல் இல்லாத நோட்டுகளாகப் பாருங்கள். பழைய வரிசை டாலர் நோட்டுகளை அங்கே வங்கியும் பணமாற்றுக் கடையும் திருப்பி அனுப்பிவிடும். போர்ட்டர் கையில் அது வெறும் தாள். ஒரு டாலர், ஐந்து டாலர் போன்ற சிறு நோட்டுகளை மாற்றும்போதும் விலை குறைத்துத்தான் எடுக்கிறார்கள். அதனால் போர்ட்டர்களுக்குத் தான்சானிய ஷில்லிங்காகவே கொடுத்துவிடுவது நல்லது. மோஷியிலோ அருஷாவிலோ முதல் நாளே மாற்றி, உறைகளையும் பேனாவையும் வாங்கி, தண்ணீர் படாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டிவிட்டால் ஏடிஎம் கிடையாது.

ஜூன் முதல் அக்டோபர் வரையான பருவத்துக்குக் கிளம்புகிறவர்கள், போய்வந்ததும் எழுதுங்கள். உங்கள் குழுவினரின் பெயர்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் சம்மதித்தால் புகைப்படத்தோடு அனுப்புங்கள். உங்கள் பயணக் கட்டுரையோடு அவற்றையும் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்