கீழை நாடுகளும் நம் ஆசிரியர்களும்

காஞ்சி என்றவுடன் பட்டும் கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டின் வரலாற்றையும் துருவிச் சென்றால் அது கடல் கடந்து சீனத்தைத் தொடுவதைக் காணலாம். பெரிய காஞ்சிபுரத்துத் தறிகளில் பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டிழையை உலகிற்கு முதலில் தந்தது சீனம். ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன், கி.பி. 720இல் சீனப் பேரரசவைக்குத் தூது விடுத்தான் என்பதைச் சீனக் குறிப்புகளால் அறிகிறோம். இத்தகைய ஊரின் மாணவனுக்குக் கீழை ஆசியாவின் வரலாற்றையும் பண்பாட்டையும் எடுத்துரைக்க வல்ல ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியருக்குத் தக்க பயிற்சி வேண்டும். இதுவே ஈண்டு நாம் வலியுறுத்த விழைவது.

காஞ்சி தந்த ஆசிரியர்

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாலந்தாவில் தலைமை ஆசிரியராய் விளங்கினார். அவர்தம் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பாடங்கேட்டவர் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். ஏறத்தாழ 640இல் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், இங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்தமையைக் குறித்துள்ளார். தாயகம் திரும்பிய பின் தருமபாலரின் கருத்துகளை முதன்மையாகக் கொண்டு அவர் ஆக்கிய நூல் சீனத்தில் ஒரு தத்துவப் பிரிவிற்கே அடிப்படையாயிற்று. அப்பிரிவு ஜப்பானுக்கும் சென்று, நாரா நகரில் இன்றளவும் நிலைபெற்றுள்ளது. காஞ்சியில் தோன்றிய ஓர் ஆசிரியரின் சிந்தனை நாரா வரை சென்றிருக்க, காஞ்சியின் வகுப்பறைகளில் அவர் பெயர்தானும் ஒலிப்பது அரிதாயிருத்தல் வருந்தத்தக்கது.

கல் கூறும் செய்தி

சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தை அரபியர் ஜைத்தூன் என்றனர். அங்கு 1009இல் கட்டப்பெற்ற பள்ளிவாசல் உண்டு. அதே நகரில் தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பியதை 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கிறது. இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த கல்வெட்டோ இன்னும் வியப்பிற்குரியது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லை அங்கு நிறுவியவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும் போற்ற, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் வழியில் இறைவனைப் போற்றுகிறது. ஒரே கல்லில் மூன்று மொழிகள், மூன்று சமயங்கள்! நல்லிணக்கம் பற்றி நூறு சொற்பொழிவுகள் ஆற்றுவதினும் இக்கல்லை மாணவர்க்கு விளக்கும் ஒரு பாடவேளை பயன் மிகுந்ததாகும்.

கற்பனையும் சான்றும்

ஆசிரியர் இதனைக் கல்லாதவிடத்துத் திரைப்படம் கற்பிக்கிறது. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப் பின் போதிதருமர் காஞ்சி இளவரசர் என்பது ஐயத்திற்கு இடமில்லாத வரலாறாகவே நம் மாணவரிடையே வழங்குகிறது. மிகப் பழைய சீனக் குறிப்பொன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சித் தொடர்பு பிற்கால மரபு. அவ்வாறே அம்மா, அப்பா என்னும் சொற்களின் ஒலியொற்றுமை கொண்டே கொரிய மொழி தமிழின் கிளை என்பாரும் உளர். பெருமிதம் தவறன்று, சான்றில்லாப் பெருமிதம் பிறர் எள்ளலுக்கே இடந்தரும். எது சான்று, எது மரபுக்கதை என வகுத்துக் காட்ட ஆசிரியர்க்கு முதற்கண் தெளிவு வேண்டுமன்றோ?

செய்ய வேண்டுவன

கல்லூரி ஆசிரியர்க்குப் புத்தொளிப் பயிற்சிகள் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றன. தமிழ், வரலாறு ஆகிய துறைகளுக்கான பயிற்சியில் கீழை ஆசியா பற்றி ஒரு வாரமேனும் ஒதுக்கல் வேண்டும். பள்ளி ஆசிரியரையும் அதில் சேர்த்தல் வேண்டும். அதனைக் காஞ்சியிலேயே நடத்தி, கோயிலையும் தறியையும் நேரிற்காட்டிப் பாடஞ்சொல்லலாம். யுவான் சுவாங்கின் குறிப்புகளை மொழிபெயர்ப்பிலேனும் ஆசிரியர் படித்தல் இன்றியமையாதது.

தேர்வில் வாராத பாடத்திற்கு இத்துணை முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நம் மாணவர் பலர் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கொரிய, ஜப்பானிய நிறுவனங்களில் பணிபுரியச் செல்கின்றனர். தாம் யாரோடு பணிபுரிகிறோம் என்று அறியாமல் செல்வது அவர்க்குக் குறையே. பணிக்கு அப்பாலும் ஒரு கடன் உண்டு. ஜப்பானியரான நொபோரு கராஷிமா தமிழ் கற்றுச் சோழர் கல்வெட்டுகளை வாழ்நாளெல்லாம் ஆய்ந்தார், 2015இல் மறைந்தார். அவ்வாறு சீனமோ ஜப்பானியமோ கற்று அந்நாட்டு ஆவணங்களை ஆயும் தமிழாசிரியர் நம்மிடையே எத்துணைப் பேர்? விரல்விட்டு எண்ணினும் விரல்கள் மிஞ்சும்.

கல்லூரி நிருவாகங்களும் சமுதாயப் பெரியோர்களும் மனங்கொண்டால் இப்பணி எளிதே. கட்டடங்களுக்கு வாரி வழங்கும் கரங்கள் ஆசிரியரின் கல்விக்கும் சிறிது வழங்குமாயின், தருமபாலரைத் தந்த காஞ்சி மீண்டும் கற்பிக்கும் ஊராகும்.