சாவி யார் கையில்?

1989 மே 29 அன்று பல்கேரியத் தலைவர் தோதர் ஷிவ்கோவ் தொலைக்காட்சியில் தோன்றினார். துருக்கி எல்லையைத் திறக்கட்டும், போக விரும்பும் முஸ்லிம்கள் போகட்டும் என்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அவர்களிடம் இருந்தது சுற்றுலாக் கடவுச்சீட்டு என்பதால், அந்த வெளியேற்றத்துக்குப் பல்கேரியாவில் 'பெரிய உல்லாசப் பயணம்' என்றே பெயர் விழுந்தது. கட்டிலையும் அலமாரியையும் கார் கூரையில் கட்டிக்கொண்டு உல்லாசப் பயணம் போனவர்களை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

விரட்டல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1984 டிசம்பரிலிருந்து போலீசும் ராணுவமும் ஊர்களை வளைத்து, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் துருக்கிய, முஸ்லிம் பெயர்களைப் பிடுங்கி ஸ்லாவியப் பெயர்களைச் சூட்டின. தெருவில் துருக்கிய மொழி பேசினால் அபராதம். எதிர்த்தவர்களுக்கு டான்யூப் நதித் தீவான பெலெனேயில் சிறை. செத்துப்போன தாத்தாவின் பெயரைக்கூடப் பதிவேட்டில் விட்டுவைக்கவில்லை. பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோக்லு, நௌம் ஷலமனோவ் ஆக்கப்பட்டார். 1986-இல் மெல்போர்னில் தப்பி, 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கிக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்தார். கர்ஜலிப் பக்கத்துப் புகையிலைக் குடியானவருக்குத் தப்பிப்பதற்கு ஒரு மெல்போர்ன் இல்லை.

இந்த வெளியேற்றத்தைத் 'தாயகம் திரும்புதல்' என்று எழுதும் வரலாற்றாசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல தலைமுறை உழுத நிலமும் முன்னோர் கல்லறையும் பல்கேரியாவில் இருந்தன. துருக்கியைப் பெரும்பாலோர் கண்டதே இல்லை. எப்போது போகலாம், எத்தனை பேர் போகலாம் என்பதைச் சோஃபியாவும் அங்காராவும்தான் முடிவு செய்தன. 1877-78 ரஷ்ய-துருக்கியப் போரிலும் 1912-13 பால்கன் போர்களிலும் ஓடியவர்களை விடுங்கள். அது உயிர் பிழைக்க ஓடிய ஓட்டம். நிலங்கள் கூட்டுப்பண்ணைகளான காலத்தில், 1950-51-இல் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். துருக்கி நடுவில் கதவைச் சாத்தியது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. இப்படிப் பிரிந்தவர்களைச் சேர்க்க 1968-இல் ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

1989-இலும் அதே கதை. ஆகஸ்ட் பிற்பகுதியில் துருக்கி மீண்டும் விசா கேட்டது. மறுபடியும் குடும்பங்கள் இரண்டாயின. பல்கேரியாவிலோ புகையிலையைப் பறிக்க ஆளில்லாமல் மாணவர்களையும் அலுவலக ஊழியர்களையும் வயலுக்கு அனுப்பினார்கள். துருக்கியில் கூடாரங்களில் தொடங்கி பூர்சா, இஸ்தான்புல் என்று சிதறியவர்களுக்கு வாடகையும் வேலையும் எளிதாக அமையவில்லை. ஊரில் 'துருக்கியர்' என்று ஏசப்பட்டவர்களை அங்கே அக்கம்பக்கம் 'பல்கேரியர்' என்றது. நவம்பர் 10-இல் ஷிவ்கோவ் வீழ்ந்தார்; டிசம்பர் இறுதியில் பெயர்களைத் திருப்பித் தரப் புதிய தலைமை முடிவெடுத்தது. போனவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். தாயகம் சேர்ந்தவர்கள் ஏன் திரும்ப வேண்டும்?

ஷிவ்கோவ் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெறாமலே 1998-இல் இறந்தார். 2012-இல் பல்கேரிய நாடாளுமன்றம் அந்த வெளியேற்றத்தை இனச்சுத்திகரிப்பு என்று கண்டித்தது. அதற்குள், 2007-இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்ததால், ஒரு காலத்தில் கைவிட்டுப்போன குடியுரிமைக்குப் புது மதிப்பு வந்திருந்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் வாக்களிக்கவும் போனார்கள். 2017 மார்ச்சில், தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, அவர்கள் வரும் பேருந்துகளை மறிக்கப் பல்கேரியத் தேசியவாதிகள் எல்லையில் கூடினார்கள்.