பேய்க்குப் பெயர் உண்டு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டிய ஸ்டோன் மவுன்டன் பூங்காவில் ஒரு ‘பழைய தோட்டம்’ இருக்கிறது. எஜமானர் மாளிகை, சமையற்கட்டு, அடிமைக் குடிசை எல்லாம் உண்டு. ஆனால் அந்த இடத்தில் அப்படியொரு தோட்டம் இருந்ததே இல்லை. மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து பழைய கட்டடங்களைப் பெயர்த்து வந்து, 1963-ல் திறந்த ஜோடனை அது. அங்கேதான் பல ஆண்டுகள் அக்டோபர் மாலைகளில் பேய்ச் சுற்றுலா நடந்தது. டிக்கெட் எடுத்தவர்களை இருட்டில் வீடு வீடாகக் கூட்டிப்போவார்கள். தேர்ந்த கதைசொல்லிகள் பயமுறுத்துவார்கள்.

பேய்க்கதையோடு நமக்குச் சண்டை இல்லை. அதைச் சொல்லும் இடத்தைப் பற்றித்தான் பேச்சு. மனிதர்களை விலைக்கு வாங்கி வேலை வாங்கிய தோட்டத்தை, அசலோ ஜோடனையோ, இருட்டிய பிறகு பயத்துக்காகக் காசாக்குவது தவறு.

ஏனென்றால் அந்த மண்ணில் பேய் ஓர் அதிகாரக் கருவி. அடிமைகள் இரவில் வெளியே போகாதிருக்க எஜமானர்கள் பேய்க்கதைகளைப் பரப்பினார்கள். அடிமைமுறை ஒழிந்தபின், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பல் அதே உத்தியைக் கையில் எடுத்தது. நள்ளிரவில் வெள்ளை அங்கிக்காரன் ஒருவன் கறுப்பர் வீட்டுக் கதவைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கேட்பான். வாளி வாளியாக உள்ளே போகும். அங்கிக்குள் பை மறைந்திருக்கும். உள்நாட்டுப் போரில் ஷைலோ சண்டையில் செத்ததிலிருந்து இப்போதுதான் தாகம் தணிந்தது என்பான். கறுப்பர்கள் நம்பி நடுங்கினார்கள் என்று வெள்ளையர்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். 1871-ல் நாடாளுமன்ற விசாரணைக்கு வந்த சாட்சிகளோ குரலை வைத்து, குதிரையை வைத்து, வந்தவன் இன்னான் என்று ஆளைச் சொன்னார்கள். அக்கம்பக்கத்து ஆள்தான் என்று தெரிந்ததால்தான் அவ்வளவு பயம்.

ஒடுங்கிப்போயிருந்த அந்தக் கிளானை 1915-ல் மறுபடி எழுப்பியது எங்கே? இதே ஸ்டோன் மவுன்டன் உச்சியில், சிலுவை கொளுத்தி. அதன் அடிவாரத்தில்தான் பேய்க்கு டிக்கெட் கிழித்தார்கள்.

லூசியானாவின் மிர்ட்டில்ஸ் தோட்டம் அசல் தோட்டம். அங்கே வியாபாரம் இன்னும் ஜோர். அதன் நட்சத்திரம் க்ளோயி என்ற அடிமைப் பெண்ணின் பேய். எஜமானர் கிளார்க் உட்ரஃப் அவளை ஆசைநாயகியாக வைத்திருந்தாராம். ஒட்டுக்கேட்டாள் என்று காதை அறுத்தாராம். அவள் கேக்கில் அரளியைக் கலந்து அவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொன்றாளாம். அவளைத் தூக்கில் போட்டது சக அடிமைகளேயாம். ஆனால் உட்ரஃபின் மனைவி 1823-ல் இறந்தது மஞ்சள் காய்ச்சலில். க்ளோயி என்றொருத்தி அங்கே இருந்ததற்கு எந்த ஆவணமும் இல்லை. பொய் என்பதுகூட இரண்டாம் பட்சம். மறுக்க வழியில்லாத பெண்ணைப் படுக்கைக்கு இழுத்தவர், காதை அறுத்தவர், கடைசியில் குடும்பத்தைப் பறிகொடுத்த பாவப்பட்ட மனிதர் ஆகிவிடுகிறார், அவள் கொலைகாரி. அறுந்த காதை மறைத்த பச்சைத் தலைப்பாகை எங்காவது தெரிகிறதா என்று பயணிகள் கைபேசியை நீட்டுகிறார்கள்.

இல்லாதவளுக்கு இவ்வளவு விவரமான பெயரும் உடையும் வாழ்க்கையும்! இருந்தவர்களுக்கு? 1860 கணக்கெடுப்பின்படி ஜார்ஜியாவில் மட்டும் 4,62,198 அடிமைகள். அந்தத் தாள்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே ஆளுக்கொரு வரி: வயது 22, பெண், கறுப்பு. அடுத்த வரி, வயது 3, ஆண், கறுப்பு. பெயர் எழுதக் கட்டமே கிடையாது.

வருமானம் இல்லாமல் பழைய வீடுகளை எப்படிப் பராமரிப்பது என்று கேட்பார்கள். பேயை விற்காமலும் முடியும்: மிர்ட்டில்ஸ் இருக்கும் அதே மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் விட்னி தோட்டம் 2014 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. அடிமைகளின் கதையைச் சொல்வதற்கென்றே ஒரு வழக்கறிஞர் தன் பணத்தில் சீரமைத்தது. பட்டியல்களிலும் பதிவேடுகளிலும் தேடி எடுத்த பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவர் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். நுழைபவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவது அங்கே வழக்கம். அடிமையாகப் பிறந்து, 1930-களில் தள்ளாத வயதில், கேட்க வந்த அரசுப் பணியாளரிடம் தன் பிள்ளைப் பருவத்தைச் சொன்ன ஒருவரின் பேச்சு அதில் இருக்கும். கூடவே அவர் பெயரும்.